கெல்லி துரை மாளிகை: பேயைத் தேடிப் போகிறவர்கள் தவறவிடும் கோயில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா பக்கம் இருக்கிற கெல்லி துரை மாளிகைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் பேய்க் கதை கேட்டுத்தான் கிளம்புகிறார்கள். நாலு வளைவுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு, கோப்பெங் டோலைப் பிடித்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரைமேல், சாமி சிலைகளோடு ஒரு சிலையாக அதே துரை தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்க்காமல் வருவது பந்தியில் பாயசத்துக்கு முன்னால் எழுந்துவிடுகிற மாதிரி.

போகும் வழியை முதலில் சொல்லிவிடலாம். கோலாலம்பூரிலிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 180 கிலோமீட்டர் வந்து கோப்பெங் டோலில் இறங்க வேண்டும். அங்கிருந்து பத்து காஜா போகும் பழைய சாலையில் கால் மணி நேரம். பினாங்கிலிருந்து வந்தாலும் தூரம் கிட்டத்தட்ட இதேதான். அதனால் இரண்டு ஊர்ச் சொந்தக்காரர்களும் நடுவில் சந்தித்துக்கொள்ள இது தோதான இடம். வழியில் நெரிசல் இல்லாவிட்டால் இரண்டே கால் மணி நேரம் போதும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாளை ஒட்டிய வார இறுதிகளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

கார் இல்லாதவர்கள் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறலாம். எல்லா இடிஎஸ்ஸும் பத்து காஜாவில் நிற்பதில்லை என்பதால் நிற்கிற வண்டியாகப் பார்த்துச் சீட்டு எடுக்க வேண்டும். நேரம் ஒத்துவரவில்லை என்றால் ஈப்போவில் இறங்கலாம், அங்கிருந்து காரில் அரை மணி நேரம். போகும்போது கிரேப் வாடகைக் கார் சுலபமாகக் கிடைத்துவிடும், திரும்பும்போதுதான் சிக்கல். மாளிகையைச் சுற்றி ஊர் கிடையாது, ஓட்டுநர்கள் அந்தப் பக்கம் சும்மா சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். கொண்டுவந்து விட்டவரிடமே இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லிப் பேசி வைப்பது நல்லது. கோயிலையும் அந்தப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்போது ஆளைப் பற்றி. வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 20 வயதில் மலாயா வந்து, பேராக்கில் காடு வெட்டிச் சாலை போடும் குத்தகை எடுத்திருந்த சார்ல்ஸ் அல்மா பேக்கரிடம் சேர்ந்தார். அதில் கிடைத்த பணத்தில் கிந்தா வட்டாரத்தில் 1,000 ஏக்கர் காடு வாங்கி ரப்பர் நட்டார், ஈயத்திலும் கை வைத்தார். தன் ஊர்ப் பெயரை வைத்துத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். 1903இல் ஆக்னஸைக் கல்யாணம் செய்துகொண்டார், மறு வருடம் மகள் ஹெலன் பிறந்தாள். குடும்பம் இருக்க ஒரு பங்களா எழும்பியது, அதுதான் கெல்லாஸ் இல்லம். 1915இல் மகன் ஆன்டனி பிறந்த சமயத்தில், அந்தப் பங்களா போதாது என்று பக்கத்திலேயே இன்னொன்றைத் தொடங்கினார். இன்று நாம் பார்ப்பது அந்த இரண்டாவது வீடு. பழைய பங்களாவின் மிச்சச் சுவரும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

மாளிகைக்காகச் சென்னையிலிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததாகச் சொல்வார்கள். கட்டட பாணி கோலாலம்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே 1897இல் முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் இருக்கிறதல்லவா, அதே குடும்பம்தான். சிவப்புச் செங்கல், வரிசையாக வளைவுகள், இந்தோ சரசனிக் என்கிற இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கலவை. அங்கே அது அரசாங்க அலுவலகம், இங்கே ஒரு தோட்டத்து துரையின் வீட்டு ஆசை.

டிக்கெட் முகப்பைத் தாண்டி ஒரு சிற்றாற்றுப் பாலத்தில் நடந்துதான் மாளிகைக்குப் போக வேண்டும். மலேசிய அடையாள அட்டையான மைகார்டைக் காட்டினால் கட்டணம் குறைவு. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களை அழைத்துப் போனால் அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம் வாங்குவார்கள், வாசலில் நின்று அதிர்ச்சி அடைய வேண்டாம். காலை 9 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுவது உத்தமம். 11 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் கோபுரப் படிக்கட்டில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் படி ஒருவர் போகிற அகலம்தான். கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடி மழை பிடிப்பது சகஜம். மொட்டைமாடியில் நனைந்த தரை வழுக்கும், மின்னலுக்கு ஒதுங்க அங்கே இடமும் இல்லை. சின்னப் பிள்ளைகளை அந்த மாடியில் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், ஓரச் சுவரை நம்ப முடியாது.

உள்ளே போனதும் ஒரு விஷயத்தை மனதில் வைத்துப் பார்த்தால் பாதிப் புதிர் அவிழும். இடிந்து போன மாளிகை என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். உண்மையில் இது முடிக்காமல் விட்ட வீடு. நம் வழக்கில் சொன்னால் பால் காய்ச்சாத வீடு. ஒரு குடும்பம்கூட இங்கே குடித்தனம் நடத்தவில்லை. கதவு நிலை வராத வாசல்களும் சட்டம் ஏறாத சன்னல்களும் காலத்தால் கழன்று விழுந்தவை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பல இடங்களில் வேலையே அதோடு நின்றுவிட்டது. சுவரில் பூச்சு எங்கே முடிந்து செங்கல் எங்கே தொடங்குகிறது என்று கவனித்துக்கொண்டே நடந்தால், கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்த இடம் தெரிகிற மாதிரி இருக்கும்.

ஒரு சுவரைக் கிட்டத்தில் பார்ப்போம். இதைக் கட்டியது முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்த சாந்து என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். கேட்கிற சீனப் பயணிகளும் வெள்ளைக்காரர்களும் வாயைப் பிளப்பார்கள். செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். கடைசி மெல்லிய பூச்சுக்கு மட்டும் முட்டை வெள்ளைக்கரு. பிறகு கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி மெருகேற்றுவார்கள். சென்னைச் சுண்ணாம்பு என்று வெள்ளைக்காரர்களே பெயர் வைத்துப் புகழ்ந்த வேலை அது. அந்த ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தவர் அந்த வேலையை எதிர்பார்த்திருப்பார் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மெருகு ஏறிய கடைசிப் பூச்சை இந்த வீட்டில் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது எப்போதும் கடைசி வேலை.

பழுது பார்த்த இடங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். சுண்ணாம்புச் சாந்து மங்கிய வெள்ளையாக, கொஞ்சம் மாவு மாதிரி இருக்கும். சிமெண்ட் சாம்பல் நிறம், ஓரம் கூர்மையாக நிற்கும், அந்த ஓரத்தை ஒட்டியே விரிசல் ஓடும். பழைய செங்கல் சுவரில் சிமெண்ட் பூசுவது ஏன் கெடுதல் என்பதற்கும் காரணம் உண்டு. செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். போக வழி இல்லாத ஈரம் பக்கத்துச் செங்கல் வழியாக வெளியேறும்போது உள்ளே கரைந்திருந்த உப்பு படிகமாகி, செங்கல்லின் முகத்தையே ஏடு ஏடாக உரித்துவிடும். உப்புப் பூத்த சுவர் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். ஆற்றோரத்துக் கட்டடம் என்பதால் இங்கே கீழ்ச்சுவர்களில் ஈரத்துக்குக் குறைவிருக்காது. தொட்டுப் பார்க்கலாம், சுரண்ட வேண்டாம். பெயர் கிறுக்குகிறவர்களைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தை வரும், விட்டுவிடுகிறேன்.

மாளிகையின் நடுநாயகம் ஆறு மாடிக் கோபுரம். அதற்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு சதுரக் குழி இருக்கிறது. மலாயாவின் முதல் லிப்ட் என்று பல இடங்களில் எழுதியிருப்பது இதைப் பற்றித்தான். லிப்ட் வரவே இல்லை, வந்தது அதற்கான குழி மட்டும். மொட்டைமாடி விருந்துக்கு, உள்ளே டென்னிஸ் ஆட ஓர் இடம், கீழே ஒயின் அறை, மொத்தம் 14 அறைகள் என்று கணக்குச் சொல்வார்கள். ரகசியப் பாதைகளை அவரவர் வசதிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஏன் நின்றது? 1918இல் ஸ்பானிய விஷக்காய்ச்சல் மலாயாவுக்குள் வந்தது, தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த தமிழர்களைத்தான் அது அதிகமாக வாரிக்கொண்டு போனது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு ரப்பர் விலை சரிந்தது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் போட்டு உற்பத்தியைக் கட்டுப்படுத்துகிற அளவுக்கு நிலைமை மோசம். வீட்டு வேலை இழுத்துக்கொண்டே போனது. 1926 டிசம்பரில் ஐரோப்பா போயிருந்த ஸ்மித், லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். லிப்ட் வாங்கத்தான் போனார் என்பது கதையின் பிரபலமான முடிவு. ஆக்னஸ் தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். காடு திரும்ப வந்து மாளிகையை மூடியது. கெல்லியின் பைத்தியக்காரத்தனம் என்று ஊர் சிரித்தது.

இனி பேய்கள். மூன்று கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இரவில் மாடி நடையில் துரை உலாவுகிறார் என்பது முதலாவது. அவர் செத்ததும் புதைக்கப்பட்டதும் லிஸ்பனில், இந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்து எழவும் இல்லை. சுருட்டை முடியும் வெள்ளைக் கவுனுமாக ஒரு சிறுமி ஓர் அறையில் தெரிவாள், அது மகள் ஹெலன் என்பது இரண்டாவது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1904இல் பிறந்த ஹெலனுக்கு அஸ்திவாரம் போடும்போதே 11 வயது, அப்பா இறந்தபோது 22. சின்னப் பிள்ளைப் பேயாக வர அவளுக்குத் தோதே இல்லை. மூன்றாவது, ஜப்பான்காரன் காலத்தில் இங்கே தலை வெட்டினார்கள் என்பது. அந்தக் கதை இந்த நாட்டில் பழைய பள்ளிக்கூடம், பழைய ஆஸ்பத்திரி, பழைய பங்களா எல்லாவற்றுக்கும் உண்டு.

பேய்க்கு அடுத்தபடி சுரங்கப்பாதை. மாளிகைக்கு அடியிலிருந்து கோயில் வரை போகிறதாம், துரையின் கார்கூட உள்ளே இருந்ததாம். தஞ்சாவூரில் கேட்டாலும் செஞ்சியில் கேட்டாலும் இதே சுரங்கம் உண்டு, குதிரையில் போகலாம் என்பார்கள். குதிரை இங்கே காராக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வளாகத்தில் நிலத்துக்கு அடியில் வழிகள் இருப்பது உண்மை. ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் என்பது வேறு கணக்கு. ஆற்றை ஒட்டி, நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற மண்ணில், பம்பும் காற்றுக் குழாயும் வைத்து அவ்வளவு தூரம் குடைந்தால் அந்தச் செலவில் இன்னொரு மாளிகையே கட்டிவிடலாம். கட்டிக்கொண்டிருந்த ஒன்றையே முடிக்க முடியாத மனிதர் அவர். கதையைக் கதையாகக் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

கோயில் கதைக்கு மட்டும் கல்லும் சுதையும் சாட்சி நிற்கின்றன. காய்ச்சலில் ஆட்கள் விழ விழ, வேலைக்காரர்கள் துரையிடம் போய் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், அவரும் சம்மதித்தார் என்பது வரலாறு. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் மர்ம நோய், மூட நம்பிக்கை என்று கடந்துவிடுவார்கள். பிள்ளையாரையோ முருகனையோ கேட்காமல் ஏன் மாரியைக் கேட்டார்கள் என்பது தமிழ் ஆளுக்குச் சொல்லாமலே விளங்கும். அம்மையும் வாந்திபேதியும் வந்தால் ஊர் எல்லையில் கூழ் ஊற்றிக் கும்பிடுகிற தெய்வம் அவள். கடல் தாண்டி வந்த இடத்தில் கொள்ளை நோய் வந்தால் காப்புக் கட்ட ஒரு மாரி வேண்டும், வேண்டியதைக் கேட்டார்கள்.

துரைக்குச் சிலை வைத்ததும் நம் மரபுக்குப் புதிதில்லை. மதுரைக் கலெக்டர் ரோஸ் பீட்டர் மீனாட்சிக்குத் தங்க அங்கவடி கொடுத்தார், பீட்டர் பாண்டியன் என்று பெயர் வாங்கினார். மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் நின்றதற்காகக் கலெக்டர் பிளேஸ் தாயார் சன்னதி கட்டிக் கொடுத்த கதையை ஏரி காத்த ராமர் கோயிலில் இன்றும் சொல்கிறார்கள். உபயம் செய்தவரை ஒரு தூணிலோ விதானத்திலோ நிறுத்திவைப்பது நன்றிக்கடன், அதனால் அவர் சாமி ஆகிவிடுவதில்லை. துரையைக் கடவுளாக வணங்கினார்கள் என்று சிலர் எழுதுவது இந்த வித்தியாசம் தெரியாமல்தான். கூரைச் சுதைகளில் தேவர், ரிஷி, துவாரபாலகர், காவல் வீரர் என்று யார் யாரோ நிற்பார்கள். அந்த வரிசையில் கெல்லிக்கும் ஓர் இடம்.

போகும்போது இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, வழிகாட்டும் செயலியான வேஸில் மாரியம்மன் கோயில் என்று மட்டும் போட்டால் அந்த வட்டாரத்தில் அரை டஜன் வந்து நிற்கும். கிந்தா கெல்லாஸ் என்ற பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், அல்லது மாளிகை டிக்கெட் முகப்பிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு, நேரம். 9 மணிக்கு மாளிகையில் நுழைந்து ஒன்றரை மணி நேரத்தில் முடித்தால் நடை சாத்துமுன் கோயிலில் இருக்கலாம். மதியம் ஆகிவிட்டால் மாலைப் பூஜைக்குத்தான் திறக்கும். சிலை வெளியே கூரையில் இருப்பதால் கதவு சாத்தியிருந்தாலும் பார்க்கலாம், அம்மனைத்தான் பார்க்க முடியாது. திறந்திருந்தால் சூடம் ஏற்றி ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, படம் எடுக்கலாமா என்று பூசாரி ஐயாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இது மக்கள் வந்து கும்பிடுகிற கோயில், காட்சிக்கூடம் இல்லை. மாளிகைக்கென்று அரைக்கால் சட்டை போட்டு வந்தவர்கள் காரில் ஒரு வேட்டியோ கைலியோ வைத்திருப்பது நல்லது.

நாள் முழுக்க இருக்கிறதென்றால் பத்து காஜா தாண்டி தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் செய்த, ஈயம் தோண்டும் கப்பல் இன்னும் நிற்கிறது. 4,500 டன் எடை, 1982 வரை சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. கிந்தாவில் துரைமார் கைக்குப் பணம் எப்படி வந்தது என்பது அதைப் பார்த்தால் பிடிபடும். கோப்பெங் பக்கம் தெம்புரோங் குகையையும் இதே நாளில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். அதற்கு ஒரு தனி நாளும் ஒரு மாற்றுத் துணியும் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஈப்போ லிட்டில் இந்தியா போய்விடலாம், வாழை இலைக்குக் குறைவில்லை.

கோயிலில் சிலையைத் தேடும்போது அவசரப்படாமல் கூரை ஓரமாகச் சுற்றி வாருங்கள். மற்ற உருவங்களின் கிரீடம், ஜடை, தலைப்பாகைக்கு நடுவே ஐரோப்பியத் தொப்பி ஒன்று உறுத்தும், அதுதான். தரையிலிருந்து உயரம் என்பதால் கைப்பேசியில் மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கினால்தான் முகம் தெரியும், எதிர் வெயிலாக இருந்தால் அதுவும் கறுத்துவிடும். பழைய படங்களில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்துத் தேட வேண்டாம். கோயில் சுதைகளுக்குத் திருப்பணிக்குத் திருப்பணி புது வண்ணம் அடிப்பார்கள். துரையின் கோட்டுக்கும் அப்படித்தான்.